சித்தி என்று கூப்பிடு

எங்கள் ஒடிசாவில் இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது. சட்டம் அப்படி. எனக்கு மூன்று. பாபி, அவனுக்கு அடுத்தவன் குலு, அப்புறம் ஜிலி. ஜிலிக்கு அப்போது மூன்று வயது முடிந்து மூன்று மாதம்.

அந்த வருடம் எங்கள் கேதகிபள்ளிக்குத் தலைவர் பதவி, நாங்கள் சர்பஞ்ச் என்போம், பெண்களுக்கென்று வந்துவிட்டது. பத்து வருடமாக அந்த நாற்காலிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரிநாத், செய்தி வந்த அன்று பழைய சோற்றைக்கூடத் தொடவில்லை. மறுநாள் முகம் தெளிந்துவிட்டது. தன் பெயருக்குப் பதில் என் பெயர், அவ்வளவுதானே! நான் எட்டாவது படித்தவள். கையெழுத்துப் போடுவேன். நாலு பேர் முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக் கும்பிடுவேன். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

"மூணு புள்ளை இருக்கே, பாபி அப்பா?" என்றேன்.

"ரெண்டுதான்" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஜிலி அண்ணி பொண்ணு. எந்த ஆஸ்பத்திரியில பொறந்தா அவ? எந்தப் பேப்பர்ல தாயார்னு உன் பேரு இருக்கு? சொல்லு பாப்போம்."

எந்தப் பேப்பரிலும் இல்லை. ஜிலி புயலன்று விடிகாலையில் பிறந்தவள். முந்திரி மரமெல்லாம் சாலையில் விழுந்து கிடந்தது, ஆம்புலன்ஸ் வர வழியில்லை. என் ஓரகத்தி சேபதி அக்காதான் பிள்ளையைக் கையில் வாங்கினாள். மூன்றாவது பிள்ளைக்கு அரசாங்கம் ஒன்றும் தராது என்பதால் கர்ப்பமாக இருந்தபோதும் நான் எங்கேயும் பெயர் பதியவில்லை. அங்கன்வாடி பிரமோதினியின் நோட்டில் மட்டும் ஒரு வரி இருந்தது. பிரமோதினி என் வீட்டுக்காரருக்கு மாமன் மகள். அரிசியில் கல் பொறுக்குகிற நேரத்தில் பழைய பக்கம் போய்ப் புதுப் பக்கம் வந்துவிட்டது. தாயார், சேபதி நாஹக்.

சேபதி அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். குழந்தை இல்லை. அவள் புருஷன், என் மூத்தார் பகவான், சூரத்தில் தறி ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒரு தடவை வருவார். பிள்ளை இல்லாதவளை ஊர் எந்தச் சொல்லால் கூப்பிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லை நானும் ஒருதரம் சொல்லியிருக்கிறேன், குழாயடியில், ஒரு குடத்துக்காக. அவள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் ஜிலி பிறந்தபோது இருபத்தொரு நாள் எனக்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் அவள்தான்.

என் வீட்டுக்காரர் அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது நானும் கதவோரம் நின்றேன்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் முதலில். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அப்புறம், மடியில் கிடந்த ஜிலியின் தலையைத் தடவிக்கொண்டே, "ஆனா இவளை என் பொண்ணுன்னு சொல்றது எனக்குப் பொய்யாத் தெரியலை" என்றாள்.

அப்போதுதான் முதன்முதலாக எனக்குப் பயம் தட்டியது. வேண்டாம் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நாற்காலிக்கு ஆசைப்பட்டார், நான் அவருக்குப் பயந்தேன் என்று ஊரிடம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேப்பரை மாற்றிவிடலாம். மூன்று வயதுப் பிள்ளையின் வாயை எப்படி மாற்றுவது? அதற்கும் என் வீட்டுக்காரர் வழி வைத்திருந்தார். அம்மா என்று கூப்பிட்டால் நான் திரும்பவே கூடாது. சித்தி என்று கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டும், கேட்டதைத் தர வேண்டும். சேபதி அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும்.

மறுநாள் காலை அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜிலி வந்தாள்.

"அம்மா, பொரி."

நான் திரும்பவில்லை.

"அம்மா, பொரி வேணும். அம்மா! அம்மோவ்!"

அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். களைந்ததையே மறுபடி மறுபடி களைந்தேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "காது கேக்கலையா உனக்கு?" என்று முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம் கரித்தது. பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

வாசற்படியிலிருந்து சேபதி அக்கா, "சித்தின்னு கூப்பிடு தங்கம்" என்றாள்.

"சித்தி, பொரி."

திரும்பினேன். இரண்டு கை நிறையப் பொரி அள்ளிக் கொடுத்தேன். வெல்லம் வைத்தேன். முத்தம் வைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது வெளையாட்டா?"

"ஆமாண்டி கண்ணு, வெளையாட்டு."

"எப்ப முடியும்?"

"ஓட்டுப் போட்டதும் முடிஞ்சிரும்."

நாலே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். கெட்டிக்காரி. பாபிக்கு அகர வரிசை கற்றுக்கொடுக்க நான் நாலு மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐந்தாம் நாளிலிருந்து படுக்கையும் அக்கா பக்கம் போய்விட்டது.

எங்கள் தெருவில் நாற்பது வீடு. எல்லாம் எங்கள் ஆட்கள். தெருவுக்கு ஒரு சர்பஞ்ச் வந்தால் ரோடு வரும், குழாய் வரும் என்று எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் எனக்கு ஒவ்வொரு வாயையும் பார்த்துப் பயம். மீன் விற்க வருகிறவள் "பொண்ணு உன்னைய மாதிரியே இருக்கா" என்றாலும் பயம். பாபியும் குலுவும் பள்ளிக்கூடத்தில் உளறிவிடுவார்களோ என்று பயம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது பிள்ளையல்லவா!

ஒன்றைத்தான் யாராலும் மாற்ற முடியவில்லை. புயலில் பிறந்ததாலோ என்னவோ, ஜிலிக்குச் சத்தம் என்றால் ஆகாது. குக்கர் விசில் அடித்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து என் இடுப்பில் ஏறி, சேலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, ஒரு கையால் என் காது மடலைப் பிடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் சித்தியும் இல்லை, வெளையாட்டும் இல்லை. அதனால் மனுப் பரிசீலனை முடியும்வரை வீட்டில் குக்கருக்குத் தடை. பருப்பு வேக இரண்டு மணி நேரம் ஆனது.

மனு கொடுத்த அன்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். டைப் அடித்திருந்தவர் படித்துக் காட்டினார்: "உயிருடன் இருக்கும் பிள்ளைகள், இரண்டு." அப்படியென்றால் மூன்றாவது? பெற்ற தாய் தன் கையால் எழுதிக் கொடுக்கிற எழுத்தா இது! நடுவில் யாராவது தும்மியிருந்தால்கூடப் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். யாரும் தும்மவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜிலிக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். அன்றிலிருந்து அவள் லேசாக இருமினாலும் என் கையெழுத்துத்தான் இருமுகிறது என்று தோன்றும்.

தேர்தலில் எனக்கு எதிரே நின்றவள் மேலத்தெரு கைலாஷ் பிசோயியின் பெண்டாட்டி. கைலாஷ் டீக்கடையில் என் வீட்டுக்காரரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டானாம்.

"என்ன திரி, உன் மூணாவது எப்படி இருக்கு?"

"எனக்கு ஏதுப்பா மூணாவது?"

"அட! புயல்ல பறந்துபோச்சா?"

கடை முழுக்கச் சிரித்ததாம். மறுநாள் கைலாஷ் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டான். பரிசீலனை அன்று குழந்தையையும், குழந்தையின் தாயையும் அழைத்து வர வேண்டும் என்று பிளாக் ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

"பொய்ப் பத்திரம்னு தெரிஞ்சா ஜெயிலாமே?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான். கையெழுத்து உன்னோடதுதானே" என்றார் என் வீட்டுக்காரர். கேலியாகத்தான் சொன்னார். நான் அன்று சாப்பிடவில்லை.

பிளாக் ஆபீசில் ஒரு சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் தேர்தல் அதிகாரி, நரைத்த மனிதர், ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இடது சுவரோரம் நாங்கள் இருவரும். வலது சுவரோரம் சேபதி அக்கா, ஜிலியைப் பிடித்துக்கொண்டு. கதவருகே கைலாஷும் அவன் வக்கீலும். எனக்கும் ஜிலிக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்கும். சிவப்பு ஸ்வெட்டரும் கண் மையுமாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி அங்கன்வாடி நோட்டைப் புரட்டினார். "பிரசவம் எங்கேம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"வீட்லதாங்க ஐயா. புயலடிச்ச அன்னைக்கு."

"யாரு பாத்தா?"

"நாந்தாங்க..." என்று ஆரம்பித்துவிட்டாள் அக்கா. உண்மையைச் சொல்லிவிட்டாள் என்றே நினைத்தேன். "நாந்தாங்க பட்டேன் அந்தப் பாட்டை. கூட என் ஓரகத்தி இருந்தா" என்று முடித்தாள்.

அதிகாரி ஜிலியிடம் குனிந்தார். "பாப்பா, அம்மா எங்க?"

ஜிலி அக்காவின் சேலையைத் தொட்டாள்.

"அப்போ அது யாரு?"

"சித்தி." என்னைப் பார்த்து, பொரிக்குக் காத்திருக்கிற முகத்தோடு சொன்னாள்.

"சொல்லிக் குடுத்திருக்காங்க சார்! கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி!" என்று கத்தினான் கைலாஷ். அதிகாரி கையமர்த்தினார். பேனாவை எடுத்தார். முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்ட நேரம், வெளியே வெடித்தது.

பக்கத்து அறையில் எவனுக்கோ மனு ஏற்கப்பட்டதாம். அவன் ஆட்கள் ஜன்னலுக்குக் கீழேயே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். கண்ணாடி அதிர்ந்தது. ஜிலி ஒரு வீறல் வீறிட்டாள். அக்காவின் கையை உதறிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, என்னை நோக்கி ஓடி வந்தாள்.

பத்தடி. அந்தப் பத்தடியில் நான் என்னென்னவெல்லாம் நினைத்தேன்! ஜெயில், கைலாஷின் சிரிப்பு, பாபி, குலு. என் வீட்டுக்காரர் முழங்கையால் என் விலாவில் இடித்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் காது மடலைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே அவள் வந்தாள்.

நான் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் நின்றது. வெடி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை. அப்புறம் காலடி அந்தப் பக்கமாகப் போனது. திரும்பிப் பார்த்தபோது அவள் சேபதி அக்காவின் இடுப்பில் ஏறி, சேலைக்குள் தலையை நுழைத்திருந்தாள். சின்னக் கை அக்காவின் காது மடலைத் தேடிப் பிடித்திருந்தது.

"பயந்த புள்ளை தாய்கிட்டத்தான் போகும்" என்றார் அதிகாரி, கைலாஷின் வக்கீலைப் பார்த்து. மூக்கைத் துடைத்துக்கொண்டார். "புகார் தள்ளுபடி. மனு ஏற்கப்படுகிறது."

அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சீ, என்ன பொம்பளை நான்! நிம்மதிதான் வந்தது. மற்றதெல்லாம் வேனில் ஏறி உட்கார்ந்து பாதி தூரம் வந்த பிறகுதான் வந்தது.

அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தேன். கழுத்து நோக மாலை போட்டார்கள். மாலையோடு வீட்டுக்குள் ஓடி, "ஜிலி, ஓட்டுப் போட்டாச்சுடி! வா!" என்று கையை நீட்டினேன். அவள் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு, "சித்திக்குப் பூ" என்று சிரித்தாள். நான் கிட்டப் போனதும் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நாலு நாளில் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். நாலு நாளில் கைலாஷ் கோர்ட்டில் வழக்குப் போட்டான். எங்கள் வக்கீல் என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் பேசினார்; அவர் வந்து எனக்குச் சொன்னார்.

"புள்ளை ஊர்ல இருக்கக் கூடாதாம். என்ன டெஸ்டு கேப்பானோ, யார் என்ன உளறுவாங்களோ. அண்ணியோட சூரத்துக்கு அனுப்பிரலாம். அண்ணனும் வரச் சொல்லிட்டாரு."

"எத்தனை நாளு?"

"பதவி முடியற வரைக்கும்."

"அஞ்சு வருஷமா?"

"சத்தம் போடாதே. செவுத்துக்கும் காது இருக்கு" என்றார். அவருடைய குரலிலும் பயம்தான் இருந்தது. ஆசையெல்லாம் தீர்ந்துபோய்ப் பயம் மட்டும் மிஞ்சியிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும்.

பஞ்சாயத்து ஆபீசில் நான் நாற்காலியில் உட்கார்ந்த பதினோராம் நாள். முதியோர் பென்ஷன், சாதிச் சான்று என்று வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நடுவில் சேபதி அக்கா, இடுப்பில் ஜிலியோடு. சூரத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க சர்பஞ்ச் சான்று வேண்டுமாம். செயலாளர் டைப் அடித்து என் முன்னால் வைத்தார். ஜிலி நாஹக், தகப்பனார் பகவான் நாஹக், தாயார் சேபதி நாஹக். கீழே ஒரு வரி: "மேற்கண்டவரை நான் நேரில் நன்கு அறிவேன்."

வாசல் பெஞ்சில் கைலாஷின் ஆட்கள் இரண்டு பேர் பீடி குடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள்.

"அக்கா" என்றேன், உதடு அசையாமல். "அஞ்சு வருஷம் கழிச்சுக் குடுத்துருவேல்ல?"

அவள் என் கண்ணைப் பார்த்தாள். "அவ என்ன குடமா குண்டானா, வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுக்க?"

குழாயடியில் நான் சொன்ன சொல்லை அவள் அப்போது திருப்பிச் சொல்லியிருந்தால் சண்டை போடவாவது எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். குடத்தோடு நிறுத்திக்கொண்டாள். செயலாளர் பேனாவை நீட்டினார். போடமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் போலீஸ் வரும். போடாமல் எழுந்து போயிருக்கலாமே என்று கேட்பவர்கள், ஜெயில் வாசலைப் பார்த்தபடி பதினோரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டேன். முத்திரையையும் நானே குத்தினேன். எனக்குக் கிடைத்த பதவியில் என் மகளுக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

மறுநாள் மத்தியானம் பஸ். பிரம்மபூர் போய் அங்கிருந்து ரயில். என் வீட்டுக்காரர் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார், அக்கா ஜன்னல் சீட்டைப் பிடிக்க உள்ளே போயிருந்தாள். ஜிலி ஒரு நிமிஷம் என் கையில் இருந்தாள். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் ஆள் இல்லாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஜிலி, வெளையாட்டு முடிஞ்சிருச்சுடி. ஒரே ஒரு தரம் அம்மான்னு கூப்பிடு."

அவள் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"கூப்பிடுடி என் ராஜாத்தி. யாரும் இல்லை பாரு."

வேகமாகத் தலையாட்டினாள், மாட்டேன் என்று.

"ஏன்?"

"அப்படிக் கூப்பிட்டா நீ திரும்பிக்குவே."

பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். காது கிழிகிற சத்தம். ஜிலி நடுங்கினாள். நான் அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன், காதை அவள் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் என்னை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து, "அம்மா! அம்மா!" என்று அலறினாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன் தங்கம்" என்று சேபதி அக்கா படியிறங்கி ஓடி வந்தாள். நான் பிள்ளையை அவளிடம் கொடுத்தேன்.